பெயிண்டுக்குக் கீழே: பழைய ஹெரால்டும் அம்பாசடரும் வாங்கப் போகிறவர்களுக்கு

எங்கள் சித்தப்பா ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கியது ஒரு பங்குனி மாதத்தில். கீழ்ப்பாதி பாலேட்டின் நிறம், மேல்பாதி கரும்பச்சை. வெயிலில் நிறுத்தியிருந்தார்கள்; கண் கூசியது. "முழுக்கப் புதுப்பித்த வண்டி, பத்து வருடத்துக்கு ஒரு வேலையும் வராது" என்றார் விற்றவர். சித்தப்பா பேரம்கூடப் பேசவில்லை. தாத்தா வைத்திருந்ததும் ஹெரால்டுதான். கொடுத்த விலையில் பாதியை அந்த நினைவுக்கே கொடுத்துவிட்டார் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாவது வாரத்தில் முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடியோரத்தில், பட்டாணி அளவில் கொப்புளங்கள் எழும்பின. கார்த்திகை முடிவதற்குள் அவை வெடித்துப் பழுப்பாக ஒழுகத் தொடங்கின. தெரு முனையில் டிங்கரிங் வேலை செய்கிற அண்ணன் வந்து, திருப்புளியின் பிடியால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. சுரண்டினார். பெயிண்ட் வந்தது, அதன் அடியில் விரற்கடை கனத்துக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை) வந்தது, அதற்கும் அடியில் கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலை வந்தது. தகடு வரவே இல்லை. பூசி மெழுகுவது என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை ஒருவர் உண்மையிலேயே செய்து, அதற்கு விலையும் வாங்கியிருந்தார்.

அந்த மழைக்குப் பிறகுதான் பழைய கார்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நான் எழுதுவது நம்மூரில் கைமாறுகிற மூன்று வண்டிகளை முன்வைத்து: சென்னையில் தயாரான ஹெரால்டு, மேற்கு வங்கம் உத்தரபாராவின் அம்பாசடர், மும்பை குர்லாவின் பிரீமியர் பத்மினி. முறைகள் எந்தப் பழைய காருக்கும் பொருந்தும்.

"புதுப்பித்தது" என்ற சொல்

முதல் சிக்கல் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. உடலைக் கழற்றி, பழைய பெயிண்டை முழுவதும் உரித்து, இற்றுப்போன தகட்டை வெட்டியெடுத்து, அதே கனத்தில் புதுத் தகட்டைப் பற்றவைத்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்துச் சேர்ப்பதும் புதுப்பிப்புதான். ஓட்டை தெரியாமல் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்து, சீட்டுக்குப் புது ரெக்ஸின் தைப்பதும் புதுப்பிப்புதான். முதலாவதற்கு ஒரு வருடம் ஆகும், பல வண்டிகளுக்கு இரண்டு வருடமும் ஆகும். இரண்டாவதற்கு ஒரு மாதம் போதும். விளம்பரத்தில் இரண்டும் ஒரே சொல்லில் வருகின்றன, கேட்கிற விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்றால், செலவு ஆகிற இடமும் கண்ணில் படுகிற இடமும் வேறு வேறு. ஒரு பழைய காரின் புதுப்பிப்பில் அதிக மணிநேரம் விழுங்குவது தகட்டு வேலை. தரையையும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற கதவடிப் பெட்டியையும் சக்கர வளைவின் உட்புறத்தையும் வெட்டி ஒட்டுகிற வேலை அது. முடிந்தபின் யார் கண்ணுக்கும் தெரியாது. பெயிண்டும் குரோமும் சீட்டும் மொத்தச் செலவில் சிறு பங்கு. ஆனால் புகைப்படத்தில் தெரிவது அவை மட்டுமே. வாங்கி உடனே விற்றுவிட நினைக்கிறவர் எங்கே பணத்தைப் போடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்: பெயிண்ட் உரித்த நிலையில் எடுத்த படங்கள் இருக்கின்றனவா? உண்மையாக வேலை செய்தவர் படம் எடுக்காமல் இருக்க மாட்டார். அத்தனை மாதம் பட்ட பாட்டுக்கு அதுதானே சாட்சி. அம்மணமான தகடு, வெட்டிய இடம், ஒட்டிய இடம், பிரைமர் அடித்த உடல் எல்லாம் தேதியோடு அவரிடம் இருக்கும். கைப்பேசி வந்த பிறகு செய்த வேலைக்குப் படம் இல்லை என்று ஒருவர் சொன்னால், அந்த வண்டிக்குப் பெயிண்ட் மட்டுமே அடித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ற விலையைத்தான் பேசுவேன்.

துரு எங்கே ஒளிகிறது

இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். அதனால்தான் பெயிண்டுக்குக் கொப்புளம். வெளியே பட்டாணி அளவில் தெரிகிற கொப்புளத்துக்கு உள்ளே உள்ளங்கை அளவு அரித்திருக்கும். இப்படிப்பட்ட துரு பெரும்பாலும் உட்புறத்திலிருந்துதான் வெளியே வருகிறது. அதன்மேல் பட்டி பூசினால் நிலைமை இன்னும் மோசமாகும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கம் திறந்திருந்தால் ஒவ்வொரு மழைக்கும் நனைந்த பஞ்சுபோல் தகட்டோடு ஒட்டிக்கொண்டு, மீதமிருக்கிற இரும்பையும் தின்னும். கோடையில் வாங்கிய வண்டி ஐப்பசியில் கண்ணைத் திறப்பது இதனால்தான். மழை முடிந்த தையில் பார்க்கப் போவது என் வழக்கம்.

பட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தட்டி நிமிர்த்திய எந்தத் தகட்டிலும் மெல்லிய ஒரு பூச்சு இருக்கும். நேர்மையான டிங்கரும் அதைப் பூசித்தான் முடிப்பார். கேள்வி கனத்தைப் பற்றியது. ஒரு சிறிய, வலுக் குறைந்த காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். ஸ்பீக்கரில் இருக்கிற வலுவான காந்தம் வேண்டாம், அது கனமான பட்டியின் மேலும் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். கதவின் நடுவில் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்துவிட்டு, அதே கதவின் அடி நான்கு அங்குலத்துக்கு இறக்குங்கள். பிடி தளர்ந்தாலோ விழுந்தாலோ அங்கே தகடு ஆழத்தில் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. பெயிண்ட் கனத்தை அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 200 மைக்ரானைத் தாண்டாது. மறுபடி அடித்திருந்தால் 300, 400 என்று காட்டலாம். 1,000-த்தைத் தாண்டினால், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால், நீங்கள் அளப்பது பெயிண்டை அல்ல.

இனி வண்டிவாரியாகப் போக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றின் எலும்புக்கூடும் வேறு.

ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. 1961-இலிருந்து சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதை 948 சிசி எஞ்சினோடு தயாரித்தது. 1971 வரை ஹெரால்டு, பிறகு 1977 வரை அதன் மாற்றுருவான கசெல். அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸும் உடலும் ஒன்றேயான மோனோகாக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-டிரையம்புக்கு உடல் செய்துகொடுத்த நிறுவனம் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதால், தனிச் சேசிஸின்மேல் சின்னச் சின்னத் துண்டுகளாக உடலைப் போல்ட் போட்டு முடுக்குகிற முறைக்கு அவர்கள் திரும்ப வேண்டியிருந்தது. வாங்குகிறவருக்கு இந்தச் சரித்திரம் மிகவும் உபயோகமானது. அறுபது வருடத்துக்கும் முன்னால் ஒரு கம்பெனிக்கு வந்த நெருக்கடிதான் இன்று அந்த வண்டியின் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நமக்குச் சொல்கிறது.

ஹெரால்டின் நடுவில் முதுகெலும்புபோல் சேசிஸ் ஓடுகிறது. அதிலிருந்து விலா எலும்புகள்போல் பக்கவாட்டில் கைகள் நீள்கின்றன. உடல் அவற்றின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. முதலில் அரிப்பது இந்தக் கைகள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, கையில் விளக்கோடு கீழே படுத்துப் பார்க்காமல் ஹெரால்டு வாங்கக் கூடாது. கைகளின்மேல் ஒட்டுக்குமேல் ஒட்டாகத் தகடு பற்றவைத்திருந்தால் உள்ளே இருந்தது இற்றுவிட்டது என்று பொருள். இன்னொன்றும் உண்டு. ஹெரால்டில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டித் தகடு தொழிற்சாலையில் போல்ட் போட்டு மாட்டியது. அது உடலோடு பற்றவைக்கப்பட்டிருந்தால், வேலை செய்தவருக்கு வண்டி தெரியவில்லை, அல்லது போல்ட் பிடிக்க எதிரே இரும்பு மிச்சமில்லை. சித்தப்பாவின் வண்டியில் இரண்டும் உண்மையாக இருந்தன.

துண்டு துண்டாக முடுக்கிய உடல் என்பதால் ஹெரால்டில் கதவு இடைவெளி புதிதிலேயே அத்தனை சீராக இருந்ததில்லை. அதை மட்டும் வைத்து வண்டியைக் குறை சொல்லிவிடக் கூடாது. ஆனால் கூரை இல்லாத ஹெரால்டை யாராவது அரிய வகை என்று சொல்லி இரட்டிப்பு விலை கேட்டால் நிதானிக்க வேண்டும். இந்த வண்டியின் கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றிவிட்டுத் துணிக் கூரை மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பிறவியிலேயே அப்படி வந்ததா என்பதை ஆர்.சி. புத்தகமும் வண்டியில் சேசிஸ் எண் பொறித்த தகடும்தான் சொல்ல வேண்டும்.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்து இணைப்பின் அடியில் பித்தளை மரையாணித் தொட்டி ஒன்று உண்டு. அதற்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடித்து அடித்தே அந்த மரையை வறட்டி, திரும்பும்போது சக்கரம் மடங்கிப்போன வண்டிகள் உண்டு. விற்பவரிடம் "முன்பக்கம் எதை விடுகிறீர்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். "ஆயில்" என்று உடனே பதில் வந்தால் வண்டியைத் தெரிந்தவரிடம் வந்திருக்கிறீர்கள். பின்பக்கம் குறுக்காகக் கிடக்கிற ஒற்றை இலைவில் தளர்ந்திருந்தால், பின்சக்கரங்களின் தலை உள்பக்கம் சாய்ந்து நிற்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே தெரியும்.

அம்பாசடர் வேறு சாதி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. 1957-இல் தொடங்கி 2014 மே வரை உத்தரபாராவில் தயாரானது. மோனோகாக் உடல், தனிச் சேசிஸ் கிடையாது. தரையும் கதவடிப் பெட்டியும்தான் அதற்கு முதுகெலும்பு. பத்மினியும் அப்படியே. இவற்றில் கதவடிப் பெட்டி இற்றிருந்தால் அது அழகுக் குறை அல்ல, வண்டி நடுவில் மடங்குகிறது என்று அர்த்தம். ஜாக்கி போட்டால் தெரிந்துவிடும். முதலில் தரையில் நிற்கும்போது முன்கதவைத் திறந்து மூடி, இடைவெளியைக் கவனியுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி மறுபடி மூடிப் பாருங்கள். நல்ல உடலில் மாற்றம் இருக்காது. கதவு உரசினாலோ பூட்டு சேராவிட்டாலோ, அந்த வண்டிக்குப் பேச வேண்டியது உதிரிபாக விலைதான். ஜாக்கி வைக்கவே கூடாது என்று தடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

அம்பாசடரின் முன்பக்கத்தைச் சுருள்வில் தாங்குவதில்லை. முறுக்குக் கம்பிகள் தாங்குகின்றன. அந்தக் கம்பிகளின் பின்முனை முன்சீட்டுக்கு அடியில் தரையோடு இணைந்த குறுக்குச் சட்டத்தில் பூட்டியிருக்கும். கார்பெட்டின்மேல் தண்ணீர் தேங்கித் தரை அரித்தால், முன்சக்கரத்தின் பாரம் பூட்டியிருக்கிற இடமே அரிக்கிறது. ஆகவே கார்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள். புது கார்பெட்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் எனக்கு அதுவே பதில்.

டிக்கியின் தரை, ஸ்டெப்னி கிடக்கிற பள்ளம், ஹெட்லைட்டுக்குப் பின்னால் சேறு சேர்கிற மட்கார்டின் மேல்முனை, முன்பின் கண்ணாடியைச் சுற்றிய ரப்பருக்கு அடியில் என்று எல்லா வண்டிக்கும் பொதுவான இடங்களும் உண்டு. அடிப்பாகம் முழுவதும் புத்தம்புது கறுப்பு அண்டர்கோட் பூசியிருந்தால் பாராட்டிவிடாதீர்கள். அது பாதுகாப்பாகவும் இருக்கலாம், திரையாகவும் இருக்கலாம். எது என்பதை மறுபடியும் அந்தப் பழைய படங்கள்தான் சொல்லும்.

கடலும் வெள்ளமும்

சென்னையிலும் மற்றக் கடற்கரை ஊர்களிலும் உப்புக் காற்றுக்கு வருடக்கணக்காகத் திறந்தவெளியில் நின்ற வண்டிக்கும், கோவையிலோ ஈரோட்டிலோ கொட்டகைக்குள் நின்ற வண்டிக்கும் உள்ள வேறுபாடு கிலோமீட்டர் கணக்கைவிடப் பெரிது. வண்டி பதிவான ஊர் மட்டும் போதாது, எங்கே வாழ்ந்தது என்று விசாரிக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை மூழ்கியபோது பழைய கார்களும் சேர்ந்தே மூழ்கின. சோப்புப் போட்டுக் கழுவினால் சேறு போய்விடும், ஆனால் எல்லா இடத்திலிருந்தும் போகாது. சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கின் சுருளுக்குள், ஹெட்லைட் கிண்ணத்துக்குள், டாஷ்போர்டின் பின்னால் வயர்கள் சேர்ந்து ஓடுகிற இடத்தில் மெல்லிய மாவுபோல் வண்டல் தங்கியிருக்கும். விரலை விட்டு எடுத்துப் பாருங்கள்.

பெயிண்ட் சொல்லும் கதை

ஆர்.சி. புத்தகத்தில் நிறம் எழுதியிருக்கும். அதற்கும் கண்முன் நிற்கிற நிறத்துக்கும் சம்பந்தமில்லை என்றால் பழைய நிறத்தைத் தேடுங்கள். சீட்டைக் கழற்றினால், டிக்கி மூடியின் உட்புறம் பார்த்தால், கதவு கீல்களின் இடுக்கில் பார்த்தால் கிடைக்கும். அங்கே இன்னும் பழைய நிறம் இருக்கிறதென்றால் வண்டியைப் பிரிக்காமலே அடித்திருக்கிறார்கள். ரப்பர் பீடிங்கின் விளிம்பிலும் வயர்களின்மேலும் போல்ட் தலைகளிலும் பெயிண்ட் தூறல் விழுந்திருந்தாலும் அதே கதைதான். பெயிண்ட் அடிக்கும் முன் கண்ணாடியையும் கைப்பிடிகளையும் கழற்ற மனம் வராதவர், தரையை வெட்டித் தகடு மாற்றியிருப்பார் என்று நம்பச் சொல்கிறார்கள்.

இன்னொரு குறிப்பு, இது என் ரசனையும்தான். அந்தக் கால அம்பாசடரில் மெட்டாலிக் பளபளப்போ அலாய் சக்கரமோ கிடையாது. பிடித்திருந்தால் ஒருவர் தம் வண்டியில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதை "அசல்" என்று எழுதி, அதற்கென்று கூடுதல் விலை கேட்பது தவறு. மூலத்தோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவுதான் ஒரு கிளாசிக் காரின் மதிப்பு. அசல் எப்படி இருந்தது என்று கண்ணுக்குப் பழக்க வேண்டுமானால் கோவை அவிநாசி சாலையில் இருக்கிற ஜீடீ கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்வரலாம். நல்ல வண்டியைப் பார்த்த கண்ணுக்குத்தான் கெட்ட வண்டி உறுத்தும்.

குரோமைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பம்பரில் குரோமுக்கு அடியில் குழிகள் தெரிந்தால், அரித்த இரும்பைத் தேய்க்காமலே பூசியிருக்கிறார்கள். இரண்டு மழையில் உரியும். காணாமல் போன சின்னச் சின்னப் பாகங்களை எண்ணிக்கொள்ளுங்கள். எழுத்து முத்திரை, விளக்கு வளையம், கண்ணாடி ஏற்றும் கைப்பிடி போன்றவை. அம்பாசடருக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஹெரால்டுக்கு அப்படி இல்லை. ஒரு விளக்கு மூடிக்கு மாதக்கணக்கில் அலைந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

எஞ்சினும் காகிதமும்

எஞ்சினைப் பற்றிக் கவலை குறைவாகவே படுகிறேன். எங்கும் இல்லாத புதிர் எதுவும் இந்த எஞ்சின்களில் இல்லை. சிலிண்டருக்குப் போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, வால்வு தேய்த்துத் தரத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். இற்ற உடலோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு. ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: நீங்கள் போகும்போது எஞ்சின் ஆறிக் கிடக்க வேண்டும். முதல் வேலையாகப் போனட்டின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சின் எழும்பும்போதுதான் நீலப் புகையும் தட்டலும் ஒளியாமல் வரும்.

எஞ்சின் மாறியிருப்பது வேறு விஷயம். பத்மினிக்குள் மாருதி எஞ்சினும், அம்பாசடருக்குள் வேறு டீசல் எஞ்சினும் ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். தினமும் ஓட்டுகிறவருக்கு அதில் நியாயம் உண்டு. ஆனால் எஞ்சின் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிவு செய்திருக்க வேண்டும். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் உங்கள் கையால் துடைத்து, புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண் இருக்கிற இடத்தைச் சுற்றி மட்டும் பெயிண்ட் கனமாக இருந்தாலோ, அரைத்த தடம் இருந்தாலோ வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இதில் சட்டமும் இப்போது ஒரு அளவுகோலைத் தந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. முதல் பதிவிலிருந்து 50 வருடத்தைக் கடந்த, மூல வடிவத்திலேயே காக்கப்பட்ட இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை விண்டேஜ் வாகனம் என்று அது வகைப்படுத்தியது. சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ கணிசமான மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி இல்லை. தகுதி பெற்றால் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு, கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்ற தேவைகளுக்குத்தான் ஓட்டலாம். வாடகைக்கு விட முடியாது. ஆகவே "விண்டேஜ்" என்று விலை ஏற்றுகிறவரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். 50 வருடம் ஆகிவிட்டதா? மூல எஞ்சினும் உடலும் இருக்கின்றனவா? 1990-களின் அம்பாசடருக்கு முதல் கேள்வியிலேயே பதில் இல்லை.

ஆர்.சி.யின் ஆயுளையும் பாருங்கள். தனியார் காருக்கு 15 வருடம், அதன்பின் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகிக் கிடக்கிற புத்தகத்தோடு வருகிற வண்டியின் விலையில் அந்த அலைச்சலும் அபராதமும் கழிய வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் தடையின்மைச் சான்று கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம். "பின்னால் வாங்கித் தருகிறேன்" என்ற வார்த்தையை நம்பி, ஓட்ட முடியாத வண்டியைக் கொட்டகையில் பூட்டி வைத்திருப்பவர்கள் நிறைய.

விலை எப்படி ஊதுகிறது

2022 மே மாதத்தில் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹாட் கூபே ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. உலகில் அதைவிட அதிக விலைக்கு எந்தக் காரும் அதுவரை போனதில்லை. அது உலகில் இருந்ததே இரண்டு. பிறந்த நாளிலிருந்து அதன் ஒவ்வொரு அசைவுக்கும் ஆவணம் உண்டு. ஆனால் செய்தியின் சுருக்கம் ஊர் ஊராகப் போய்ச் சேரும்போது "பழைய கார் என்றால் கோடி" என்று ஆகிவிடுகிறது. 2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளிலிருந்து கடைசி பத்மினி டாக்சி விடைபெற்றபோதும் இப்படித்தான். ஊரே உருகியது. ஒரு வண்டியின்மேல் ஊருக்கு இருக்கிற பாசம் உண்மையானது. அதற்காக, தரை ஓட்டையான ஒரு பத்மினியின் விலை ஏறிவிடாது.

விற்பவர்கள் வழக்கமாக வைக்கிற வாதம், "இவ்வளவு செலவு செய்திருக்கிறேன்" என்பது. பில் எல்லாம்கூடக் காட்டுவார்கள். நான் அந்தப் பில்களைப் பிரித்துப் பார்ப்பேன்: எவ்வளவு தகட்டு வேலை, எவ்வளவு சீட்டும் ஸ்டீரியோவும்? செலவழித்த தொகை வேறு, வண்டியின் மதிப்பு வேறு. தவறாகச் செய்த வேலைக்கு நான் இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டும்: அவருக்கு ஒரு முறை, அதைப் பிரித்தெடுத்துச் சரி செய்கிற டிங்கருக்கு இன்னொரு முறை. அதனால்தான் மோசமாகப் புதுப்பித்த வண்டி, புதுப்பிக்கவே படாத வண்டியைவிட மலிவாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். பெயிண்ட் மங்கி, சீட் கிழிந்து, ஆனால் தகடு முழுசாக ஒரே குடும்பத்தில் நின்ற வண்டியில் மறைக்க எதுவும் இல்லை. பார்ப்பதுதான் விலை. சந்தையில் நடப்பது தலைகீழ். பளபளப்பு ஒரு மடங்கு அதிகம் கேட்கிறது, நேர்மையான அழுக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பல லட்சத்துக்கு வண்டி பேசுகிறவர்கள், ஒரு நல்ல டிங்கரை அரை நாள் கூலி கொடுத்து அழைத்துப் போகத் தயங்குகிறார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது இதுதான். மெக்கானிக்கைவிட டிங்கர் முக்கியம். எஞ்சின் சத்தத்தை நீங்களே கேட்கலாம். தகட்டின் சத்தம் அவர் காதுக்குத்தான் கேட்கும். இந்தக் கைத்தொழிலை அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வளைவான மட்கார்டைச் சுத்தியலாலும் மணல் மூட்டையாலும் அடித்தே எழுப்புகிற அந்தக் கைகளுக்குரிய கூலியைத்தான் பட்டி பூசி விற்கிறவர்கள் திருடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

சித்தப்பாவின் ஹெரால்டை அந்தத் தெரு முனை அண்ணன்தான் எடுத்துக்கொண்டார். உடலைச் சேசிஸிலிருந்து தூக்கினார்கள். இற்ற கைகளை வெட்டி, அதே கனத் தகட்டை மடித்துப் புதிதாகச் செய்தார். கதவடிப் பெட்டி மறுபடி போல்ட்டில் நின்றது. இரண்டு வருடம் ஆனது. வண்டி வாங்கியதைவிட அதிகம் செலவானது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் போய்ப் படம் எடுத்தேன். சித்தப்பா அவற்றை அச்சிட்டு ஒரு ஆல்பத்தில் ஒட்டி, வண்டியின் டாஷ்போர்டு அறைக்குள் வைத்திருக்கிறார். யாராவது விலை கேட்டு வந்தால் சாவிக்கு முன்னால் அதைத்தான் கொடுக்கிறார். முதல் பக்கத்தில் இருப்பது அந்தக் கோழிக்கூண்டுக் கம்பி வலையின் படம்.